அளவீட்டுத் தரவில் ஆகுபெயர்: உயிரியல் தரவு இணைப்பும் ஆன்டாலஜியும்

திறவுச்சொற்கள்: அளவீடு, ஆன்டாலஜி, ஆகுபெயர், முதல், சினை, வரையறை, தரவு இணைப்பு

உயிரியலில் அளவீடு என்பது ஓர் எண்ணும் ஓர் அலகும் சேர்ந்தது என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஒரு மரத்துக்கு நேரே 95 செ.மீ. என்று பதிவேட்டில் எழுதப்பட்டிருக்குமானால், எண் உள்ளது, அலகும் உள்ளது, குறையொன்றும் இல்லை எனத் தோன்றும். ஆயின் அந்த 95 மரத்தின் சுற்றளவா விட்டமா என்பது அப்பதிவில் இல்லை. இந்திய வனவியல் பணியில் அடிமரத்தைச் சுற்றி நாடாவைப் பிடித்துச் சுற்றளவை எழுதும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பன்னாட்டுத் தொகுப்புகளோ பெரும்பாலும் விட்டத்தையே வேண்டுகின்றன. சுற்றளவு 95 செ.மீ. உடைய மரத்தின் விட்டம் ஏறத்தாழ 30 செ.மீ. மட்டுமே. சுற்றளவை விட்டமெனக் கொண்டுவிட்டால் அம்மரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு உண்மையைப் போல் ஏறத்தாழ 10 மடங்காகக் கணக்கிடப்படும். எண் சரி, அலகும் சரி. எதனை அளந்தது என்பதிலேயே பிழை.

விட்டம் என்று தெளிவாக எழுதப்பட்டிருந்தாலும் ஐயம் தீர்வதில்லை. நின்ற மரத்தின் பருமனை மார்பளவு உயரத்தில் அளப்பது உலகெங்கும் வழக்கு. ஆயின் யாருடைய மார்பு? இந்தியாவிலும் அமெரிக்காவிலும் அது நாலரை அடி, அதாவது 1.37 மீட்டர், ஐரோப்பிய நாடுகளில் 1.3 மீட்டர், ஜப்பானில் பெரும்பாலும் 1.2 மீட்டர். மரம் மேலே செல்லச் செல்ல ஒடுங்குவதால் இம்மூன்றும் ஒரே மரத்துக்கு வெவ்வேறு எண்களைத் தரும். பலகைவேர் விரிந்த மழைக்காட்டு மரங்களில் அவ்வுயரத்தில் அளப்பதே பொருந்தாது. வேரின் விரிவு முடியும் இடத்துக்கு மேலேதான் அளக்க இயலும். இவ்வளவும் 'மார்பளவு விட்டம்' என்னும் ஒரே பத்தித் தலைப்பின்கீழ் வந்துவிடுகின்றன.

தமிழிலக்கணம் இத்தகைய வழக்கை நன்கறியும். 'இரண்டு லிட்டர் வாங்கி வா' என்னுமிடத்து லிட்டர் என்னும் அளவைப் பெயர் பாலுக்கோ எண்ணெய்க்கோ ஆகி நிற்கிறது. ஆகுபெயருக்குரிய அடிப்படைகளுள் அளவையையும் நன்னூல் சேர்த்துரைக்க, உரையாசிரியர்கள் அதனை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நான்காக விரிப்பர். கேட்பவர் பொருளை மயக்கமின்றி உணர்வது சூழலால். எந்தக் கடைக்குச் செல்வது, கையில் எந்தப் பாத்திரம் உள்ளது என்பவை சொல்லாததைச் சொல்லிவிடுகின்றன. அளவீட்டுப் பதிவேடும் இவ்வாறே பேசுகிறது. எழுதியவருக்கும் அவரோடு காட்டில் நடந்தவருக்கும் 95 என்பது எதன் அளவு என்பதில் ஐயமே எழாது. அப்பதிவேடு முப்பது ஆண்டுகள் கழித்து வேறொரு நாட்டின் தரவுத்தொகுப்பில் சேரும்போது எண் செல்கிறது, அலகு செல்கிறது, சூழல் பின்தங்கிவிடுகிறது.

ஆன்டாலஜி என்று தகவலியலார் அழைப்பது, தரவில் மண்டிக்கிடக்கும் இந்த ஆகுபெயர்களை ஒவ்வொன்றாக விரித்தெழுதும் பணியே எனலாம். அப்பணியின் தரத்தை அதன் தருக்கக் கட்டமைப்பைக் கொண்டோ அதிலுள்ள சொற்களின் தொகையைக் கொண்டோ மதிப்பிடுவது பொருந்தாது. வரையறைகள் எவ்வளவு தெளிவானவை, அறியப்படாததை அறியப்படாதது என்று சொல்லும் நேர்மை அதில் உண்டா என்பனவே உரிய அளவுகோல்கள். இவ்விரண்டும் கணினிப் பணியன்று, சொற்பொருட் பணி. தமிழியலார் இதனைத் தம் துறைக்குப் புறம்பானதாக ஒதுக்கத் தேவையில்லை என்பதற்கும் அதுவே காரணம்.

ஆன்டாலஜி செய்வது

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு இன்றியமையாதது. மெய்யியலில் ஆன்டாலஜி என்பது இருப்பைப் பற்றிய ஆய்வு. தகவலியலில் அது ஒரு துறையில் பேசப்படும் பொருள்களின் வகைகளையும் அவற்றுக்கிடையேயான உறவுகளையும் கணினி படிக்கும் வகையில் வரையறுத்த தொகுப்பு. முன்னதற்கு வழங்கும் தமிழாக்கங்களைப் பின்னதற்கு இட்டால் மயக்கமே விளையும். ஆதலின் இங்குக் கடன்சொல்லே ஆளப்படுகிறது.

உயிரியலில் இம்முயற்சி வேரூன்றியது ஜீன் ஆன்டாலஜியால். பழ ஈ, சுண்டெலி, ஈஸ்ட் ஆகிய மூன்று உயிரிகளின் தரவுத்தளங்களைப் பேணியோர் 1998-இல் ஒன்றுகூடி இதனைத் தொடங்கினர். 2000-இல் நேச்சர் ஜெனிடிக்ஸ் இதழில் அது விளக்கப்பட்டது. ஒரே உயிர்ச்செயல் மூன்று தரவுத்தளங்களிலும் மூன்று பெயர்களால் வழங்கியதும், ஒரே பெயர் வெவ்வேறு செயல்களைக் குறித்ததும் அவர்களை இதற்குத் தூண்டின. அவர்கள் கண்ட தீர்வு எளியது. ஒவ்வொரு கருத்துக்கும் பொருளற்ற ஓர் எண் அடையாளமாக இடப்பட்டது. அவ்வெண்ணோடு ஒரு வரையறை, ஒரு முதன்மைப் பெயர், மாற்றுப் பெயர்கள், பிற கருத்துகளோடுள்ள உறவு ஆகியவை பிணைக்கப்பட்டன. பெயர் மாறலாம், எண் மாறாது. நிகண்டுகளின் ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதியைப் பயின்றோர்க்கு இச்சிக்கல் புதிதன்று. ஆனால் நிகண்டு சொல்லிலேயே நின்று பேசுகிறது. ஆன்டாலஜி சொல்லைப் பொருளின் மேல் ஒட்டிய சீட்டாக மட்டுமே கொள்கிறது. சீட்டைக் கிழித்துவிட்டாலும் பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஜீன் ஆன்டாலஜி வகைப்பாட்டுக்கானது, அளவீட்டுக்கானதன்று. அளவீட்டைப் பிரித்துக் காட்டும் முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது, ஜோஷுவா மேடின் முதலானோர் சூழலியல் தரவுகளுக்கென 2007-இல் வெளியிட்ட ஓபோ என்னும் கட்டமைப்பு. அதன்படி ஓர் அளவீட்டுக்கு நோக்கப்பட்ட பொருள், அப்பொருளின் பண்பு, மதிப்பு, அளவுத்தரம், அளந்த முறை ஆகியவை தனித்தனியே கூறப்பட வேண்டும். ஒரு நோக்கல் மற்றொரு நோக்கலுக்குச் சூழலாக அமைவதும் குறிக்கப்பட வேண்டும்: இந்த இலை இந்த மரத்தினது, இந்த மரம் இந்த நிலப்பகுதியினது, அந்நாளில் அங்கு வெப்பநிலை இவ்வளவு என்பது போல. பதிவேட்டில் ஒரே வரியாகக் கிடந்த 95 செ.மீ. இவ்வாறு விரியும்போது விடுபட்ட இடம் தானே புலப்படுகிறது.

பயிரியலில் இதே பகுப்பு இன்னும் நடைமுறைக்கு நெருங்கி வந்துள்ளது. பன்னாட்டு வேளாண் ஆய்வு மையங்கள் பேணும் கிராப் ஆன்டாலஜி, பண்பு, முறை, அளவுகோல் என்னும் மூன்றும் சேர்ந்ததையே ஓர் அளவீட்டு மாறி எனக் கொள்கிறது. நெற்பயிரின் உயரத்தை எடுத்துக்கொள்ளலாம். தரையிலிருந்து கதிரின் அடிவரை அளந்தால் கிடைப்பது தண்டின் நீளம். மிக உயர்ந்த கதிரின் நுனிவரை அளந்தால் அது பயிரின் உயரம். நெல்லின் நுனியில் வால்போல் நீண்டிருக்கும் முள்ளைச் சேர்ப்பதா விடுப்பதா என்பதும் சொல்லப்பட வேண்டும். அளவுகோல் செ.மீ. ஆகவும் இருக்கலாம், குட்டை, நடுத்தரம், நெட்டை என்னும் தரவரிசையாகவும் இருக்கலாம். பண்பு ஒன்றாயினும் முறையோ அளவுகோலோ வேறுபட்டால் மாறியும் வேறு. மருத்துவ ஆய்வகச் சோதனைகளுக்கென 1994-இல் தொடங்கப்பட்ட லாயிங்க் குறிமுறையும், அளக்கப்படும் பொருள், பண்பு, காலம், உடற்கூறு, அளவுகோல், முறை என்னும் ஆறு கூறுகளால் இதையே செய்கிறது. குருதிச் சர்க்கரை 90 மி.கி. என்பதை 5 மில்லிமோலாக மாற்றுவது எவராலும் இயலும். உண்ணாமல் எடுத்ததா, முழுக்குருதியா, பிளாஸ்மாவா என்பதே உண்மையான வினா.

பத்தித் தலைப்புகளை மட்டும் ஒழுங்குபடுத்தினால் போதும் என்னும் எண்ணமும் உண்டு. 2009-இல் தரநிலையாக ஏற்கப்பட்ட டார்வின் கோர் முறையில் அளவீட்டின் வகை, மதிப்பு, அலகு, முறை ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் உள்ளன. ஆனால் அப்பத்திகளில் எழுதுவோர் தமக்குத் தோன்றியதை எழுதலாம். 'நீளம்' என்று ஒருவரும் 'உடல் நீளம்' என்று ஒருவரும் 'மொத்த நீளம்' என்று மற்றொருவரும் எழுதும்போது, மீனின் வால்துடுப்பு அந்நீளத்தில் அடங்குமா என்பதைப் பத்தி சொல்லாது. 2016-இல் முன்வைக்கப்பட்ட ஃபேர் கொள்கைகள் தரவு கண்டறியத்தக்கதாக, அணுகத்தக்கதாக, இணைத்துப் பயன்படுத்தத்தக்கதாக, மீண்டும் பயன்படுத்தத்தக்கதாக இருக்க வேண்டும் என்கின்றன. முதலிரண்டுக்கும் சேமிப்பகமும் இணைய முகவரியும் போதும். மூன்றாவதுக்கு எவரேனும் ஒருவர் அமர்ந்து, 'நீளம்' என்றால் எது என்று எழுத வேண்டும். பெரும்பாலான முயற்சிகள் இரண்டோடு நின்றுவிடுவதில் வியப்பில்லை.

காம்பும் இலையும்

இவ்வுண்மை மிகத் தெளிவாகப் புலப்படுவது ட்ரை எனப்படும் தாவரப் பண்புத் தரவுத்தளத்தில். 2007-இல் தொடங்கி, ஜெர்மனியின் யேனா நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் உயிர்ப்புவிவேதியியல் நிறுவனத்தில் பேணப்படும் இத்தொகுப்பு, உலகெங்கும் தனித்தனியே எடுக்கப்பட்ட அளவீடுகளை ஒன்றுசேர்க்கிறது. அதில் அடிக்கடி வேண்டப்படும் பண்புகளுள் ஒன்று, இலையின் பரப்பை அதன் உலர்எடையால் வகுத்துப் பெறும் மதிப்பு. இலைக்காம்பு பரப்பில் சிறிதே சேரும். எடையில் கணிசமாகச் சேரும். ஆகவே காம்போடு அளந்தவரின் எண் காம்பில்லாமல் அளந்தவரின் எண்ணைவிடக் குறைவாக வரும். ட்ரை தொகுப்பில் இப்பண்பு மூன்றாகப் பிரிக்கப்பட்டுத் தனித்தனி எண்களைப் பெற்றுள்ளது: காம்பு சேர்த்தது, காம்பு நீக்கியது, சேர்த்ததா நீக்கியதா என அறியப்படாதது. கூட்டிலைத் தாவரங்களின் இலைப்பரப்புக்கு முழு இலையா சிற்றிலையா என்னும் வேறுபாடும், அதற்குரிய 'அறியப்படாதது' என்னும் வகையும் உண்டு.

இம்மூன்றாவது வகையே அத்தொகுப்பின் சிறப்பு எனத் துணிந்து கூறலாம். அறியப்படாததை இரண்டில் ஒன்றாக அடக்கிவிட்டால் தரவு பெருகியதாகத் தோன்றும். ஆய்வாளர் பெறுவது பொய்யாகிவிடும். அதனைத் தூக்கியெறிந்தால் இனி எக்காலத்தும் எடுக்க முடியாத அளவீடுகள் அழியும். 1980-களில் அளக்கப்பட்டு இன்று சாய்ந்துபோன மரத்தின் இலையை எவரும் மீண்டும் அளக்கப் போவதில்லை. தெரியாமையைத் தெரியாமை என்று பெயரிட்டு வைத்தால், பழைய குறிப்பேடு ஒன்று கிடைக்கும் நாளில் அத்தரவை உரிய இடத்துக்கு நகர்த்தலாம்.

காம்பு இலையின் உறுப்பா, இலையும் காம்பும் கிளையின் உறுப்புகளா? இவ்வினாவைத் தமிழிலக்கணம் முதல், சினை என்னும் பெயர்களால் எதிர்கொண்டுள்ளது. முதலும் சினையும் ஒருங்கே வருமிடத்து எது எவ்வுருபை ஏற்கும் என்று தொல்காப்பியம் வேற்றுமை மயங்கியலில் விதிக்கிறது. அத்தோடு நில்லாமல், முதல், சினை என்னும் பகுப்பு பொருளிலேயே நிலைபெற்ற வேறுபாடன்று, சொல்லுவோர் குறிப்பைப் பற்றியது என்றும் கூறுகிறது. கிளைக்கு இலை சினை. நரம்புக்கு இலை முதல். தரவு இணைப்பில் இடர் விளைவிப்பது இக்குறிப்பே. பேச்சில் அது வளம். சொல்லுவோரும் கேட்போரும் ஓரிடத்து இருப்பதால் குறிப்பு உடன் விளங்கும். தரவில் சொல்லுவோர் இல்லை. அவர் குறிப்பாக விட்டதை ஆன்டாலஜி வெளிப்படையாக, ஒருமுறைக்கு எப்போதைக்குமாக, எழுதி நிறுத்த வேண்டியுள்ளது. தாவர ஆன்டாலஜியில் இலை, சிற்றிலை, காம்பு ஆகியவை வெவ்வேறு எண்கள் பெற்று, 'இதன் உறுப்பு' என்னும் உறவால் பிணைக்கப்பட்டிருப்பது இதற்காகவே.

இதனைக் கொண்டு தொல்காப்பியரே ஆன்டாலஜி வகுத்தார் என்று எழுதும் ஆர்வம் எழுவது இயல்பு. அது தவிர்க்கத்தக்கது. மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஆறாகப் பகுப்பதும், புறக்காழனவற்றைப் புல் என்றும் அகக்காழனவற்றை மரம் என்றும் பிரிப்பதும் கூர்த்த வகைப்பாடுகளே. ஆயின் தரவுகளை இணைப்பது அவற்றின் நோக்கமன்று. வழக்கும் செய்யுளும் பற்றிய சொல்மரபைக் காப்பதே நோக்கம். பழைய நூலுக்குப் புதிய பட்டம் சூட்டுவதால் எந்தத் தரவும் இணைவதில்லை. அந்நூல் பயிற்றும் நோக்குமுறையைப் புதிய சிக்கலில் செலுத்துவதே பயனுடையது.

மாற்றுக் கருத்துகள்

ஆன்டாலஜியே வேண்டாம், அளக்கும் முறையை முன்கூட்டியே ஒருமைப்படுத்திவிட்டால் போதும் என்போர் உளர். அவர்கள் பக்கம் வலிமையான சான்று உண்டு. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 1980-களின் தொடக்கத்தில் 50 ஹெக்டேர் காட்டுப்பகுதி ஒன்று குறிக்கப்பட்டு, 1 செ.மீ.க்குக் குறையாத விட்டமுடைய ஒவ்வொரு தண்டும் அளக்கப்பட்டது. அதே முறையைப் பின்பற்றிப் பல நாடுகளில் நிலப்பகுதிகள் அமைந்தன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 1988-இல் நீலகிரி மாவட்டத்தின் முதுமலையில் அமைத்த 50 ஹெக்டேர் நிலப்பகுதியும் இவ்வரிசையில் சேர்ந்ததே. முறை ஒன்றாதலின் முதுமலையின் எண்ணைப் பாரோ கொலராடோவின் எண்ணோடு வைத்துப் பார்க்க இயல்கிறது. முன்னரே ஒப்புக்கொள்ள முடியுமிடத்தில் இதுவே சிறந்த வழி. எந்த ஆன்டாலஜியும் இதற்கு ஈடாகாது. ஆனால் உலகின் உயிரியல் அளவீடுகளில் பெரும்பகுதி அவ்வாறு ஒப்புக்கொண்டு எடுக்கப்பட்டதன்று. ஒருவரையொருவர் அறியாதோர், வெவ்வேறு வினாக்களுக்காக எடுத்தவை அவை. ஆன்டாலஜி அவற்றுக்கு உரியது.

இயந்திரக் கற்றல் வளர்ந்துவிட்ட இந்நாளில், பத்தியிலுள்ள எண்களைப் பார்த்தே அது சுற்றளவா விட்டமா என்பதைக் கணினி ஊகித்துவிடும் என்பது மற்றொரு கருத்து. ஊகிக்கும், பல வேளைகளில் சரியாகவும் ஊகிக்கும். ஆயின் ஊகம் அளவீட்டோடு கலந்து, ஊகம் என்ற அடையாளமின்றி அடுத்த தொகுப்புக்குச் செல்லுமானால், பிழையைத் தேடிக் கண்டறிவதற்கான வழி அடைபட்டுவிடும். காம்பை நீக்கினாரா என்று அளந்தவர் எழுதாதபோது அச்செய்தி தரவில் இல்லை. இல்லாத செய்தியை எந்தக் கணிப்பும் மீட்பதில்லை. ஊகத்தைப் பதிவதற்கும் இது ஊகம் என்று சொல்லும் ஓர் இடம் வேண்டும். அவ்விடத்தை வரையறுப்பதும் ஆன்டாலஜியின் பணியே.

மூன்றாவது குறை ஆன்டாலஜியாளரையே சாரும். உயிரியல், மருத்துவத் துறைகளில் மட்டும் நூற்றுக்கணக்கான ஆன்டாலஜிகள் தோன்றிவிட்டன. ஒன்றிலுள்ள இலை மற்றொன்றிலுள்ள இலையோடு ஒக்குமா என்று ஆராயத் தனிப் பணி தேவைப்படுகிறது. மயக்கத்தைத் தீர்க்க வந்தவை மயக்கத்தின் புது வடிவமாகின்றன. இதனைத் தடுக்கும் நோக்கோடு எழுந்த ஓபிஓ ஃபவுண்டரி 2007-இல் பொது நெறிகளை வகுத்தது. ஒரு துறைக்கு ஓர் ஆன்டாலஜி, ஒவ்வொரு கருத்துக்கும் எழுத்துவடிவ வரையறை என்பன அவற்றுள் அடங்கும். மேல்நிலைக் கருத்துகளைப் பற்றிய மெய்யியல் வாதங்களில் செலவிடப்படும் உழைப்பில் ஒரு பங்கு, மீனின் நீளத்தையும் நெல்லின் உயரத்தையும் வரையறுப்பதில் செலவிடப்பட்டிருந்தால் களப்பணியாளர்க்குப் பெரும்பயன் விளைந்திருக்கும்.

தமிழில் செய்யத்தக்கது

அடையாளம் எண்ணாகவும் பெயர் சீட்டாகவும் இருப்பதால், எந்த மொழியின் பெயரையும் ஆன்டாலஜியில் சேர்க்கலாம், கட்டமைப்பு குலையாது. தாவர ஆன்டாலஜியில் ஸ்பானிய, ஜப்பானியப் பெயர்கள் சேர்க்கப்பட்டுள்ளன. தமிழ்ப் பெயர்களைச் சேர்க்கும் பணி தொடங்குமானால், ஆங்கிலப் பெயர்ப் பட்டியலை முன்வைத்து ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு கலைச்சொல் ஆக்கும் பழகிய வழி இங்குப் பொருந்தாது. பெயர்க்க வேண்டியது வரையறையை. வரையறையைத் தமிழில் எழுதியபின், அதற்கு வழக்கில் பெயர் உண்டா, ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் உண்டா, பெயரே இல்லையா என்று ஆராய வேண்டும். பெயர் இல்லாதபோதுதான் புதுச்சொல் வேண்டும்.

தென்னையில் இது நன்கு விளங்கும். வடிவத்தில் அதன் இலை மிகப் பெரிய ஒற்றை உறுப்பு. தண்டோடு பொருந்தும் காம்பும், அதன் நீட்சியான நடுத்தண்டும், இருமருங்கும் சிற்றிலைகளும் உடையது. வழக்கில் காம்பும் நடுத்தண்டும் மட்டை, சிற்றிலை ஓலை, சிற்றிலையின் நடுநரம்பு ஈர்க்கு, ஓலையோடு கூடிய பகுதி கீற்று. ஓலை, மடல், ஈர்க்கு, பாளை, குலை ஆகியவற்றைப் புல்லுக்குரிய பெயர்களாகவும், இலை, தளிர், அரும்பு ஆகியவற்றை மரத்துக்குரிய பெயர்களாகவும் மரபியல் பிரித்துரைப்பது இவண் நினையத்தக்கது. தென்னைக்கு 'இலை' என்னும் சொல் வழக்கில் எளிதில் வருவதில்லை. மரத்தில் எத்தனை மட்டை என்றே உழவர் எண்ணுவர். அவ்விடத்து மட்டை என்பது காம்பன்று. சினையின் பெயர் முதலுக்கு ஆகி முழு இலையைக் குறிக்கிறது. தேங்காயை உரித்தபின் எஞ்சுவதும் மட்டையே.

தென்னை ஆய்வுப் படிவமொன்றில் இலைகளின் எண்ணிக்கை, இலையின் நீளம், காம்பின் நீளம் என மூன்று இடங்கள் இருப்பதாகக் கொண்டால், முதலிரண்டுக்கும் மூன்றாவதுக்கும் தோப்பில் வழங்கும் சொல் ஒன்றே. அளப்பவர் தமிழில் கேட்டுத் தமிழில் விடை பெற்று ஆங்கிலப் படிவத்தில் எண்ணை நிரப்பும்போது, மட்டையின் நீளம் எந்த இடத்தில் விழுகிறது என்பதைப் படிவத்தைப் பார்த்து எவரும் அறிய இயலாது. முழு இலை, காம்பு, காய்த்தோல் என்னும் மூன்று கருத்துகளின் மூன்று எண்களுக்கும் 'மட்டை' என்பதை மாற்றுப் பெயராகச் சேர்த்து, ஒவ்வொன்றின் வரையறையிலும் அளவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத் தமிழில் எழுதி, எதுவெனத் தெரியாத பழைய அளவுகளுக்கு நான்காவதாக ஓர் எண்ணையும் ஒதுக்குவது, ஒரு தாவரவியலாரும் ஒரு சொற்பொருளியலாரும் தென்னந்தோப்பு ஒன்றில் சேர்ந்து அமர்ந்தால் முடிக்கக்கூடிய பணி.